லீவே எடுக்காத சமையல்காரர்

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்ரீநாத் பள்ளி வேனிலிருந்து வேறு யாருடைய பெண்ணையோ வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய ப்ளூ லேக் என்க்ளேவ் வாசலில் வேன் வந்து நின்றபோது, அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த அவன் கையில் போன் இருந்தது. போனில் யாரோ ஒருவர் கறுத்துப்போன பழைய அம்மிக்கல் ஒன்றைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். கல் முழுசாக வெளுக்கிறதா இல்லையா என்று ஸ்ரீநாத்துக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. சீருடையோடு இறங்கிய ஒரு சின்னக் கையைப் பிடித்தான், லிப்டில் ஏறினான், நாலாவது மாடியில் கதவைத் திறந்தான், தட்டில் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தான். அந்தப் பெண்ணும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டில் சாயங்காலம் கேழ்வரகுக் கஞ்சிதான். திருநின்றவூரில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்க்கும் அவன் மனைவி கோமளா, இருபது நிமிடம் கழித்து உள்ளே வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ஏங்க, இது யாரு?"

அவர்களுடைய ரோஷினி கீழே செக்யூரிட்டி அறையில், காவலாளி திருவேங்கடத்தின் வேர்க்கடலைப் பொட்டலத்தைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஏழு வயது. அப்பா தன்னைப் பார்த்து நகரச் சொன்னார், அப்புறம் வேறு பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று அவள் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள். கோபம் இல்லாததுதான் ஸ்ரீநாத்தைச் சுட்டது. பி பிளாக்கிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். அவரும் போனைப் பார்த்தபடியேதான் வந்தார். சரியான பெண்ணைத்தான் கூட்டிப்போகிறாரா என்று கோமளா பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீநாத் கோமளாவோடு ஆவடி மார்க்கெட்டுக்குப் போய், தன் போனைக் கடையில் கொடுத்துவிட்டு ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டு வந்தான். கடைக்காரர் வீட்டுப் பெரியவருக்கா என்று கேட்டார். தனக்குத்தான் என்றதும், ஏதோ துக்கம் விசாரிப்பவர் போலத் தலையாட்டி, டார்ச் நன்றாக எரியும் என்று ஆறுதல் சொன்னார். எரியவும் செய்தது. பேசலாம், பேசினால் கேட்கும், ரேடியோ உண்டு, ஒரு பாம்பு விளையாட்டு உண்டு. அவ்வளவுதான். ஸ்ரீநாத்துக்குப் பல வருடமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை யாரோ நிறுத்தின மாதிரி இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அவன் ஆபீஸில் லேப்டாப் இருந்தது. அங்கே அது போதும்.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

ப்ளூ லேக் என்க்ளேவில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒரே வாசல். அந்த வாசலுக்கு 'வாசல்' என்றே ஓர் ஆப். குடியிருப்பவர்கள் தங்கள் போனில் அந்த ஆப்பைத் திறந்து, அது காட்டும் க்யூஆர் கட்டத்தைக் கம்பத்தில் இருக்கும் கண்ணாடிக்கு நேரே பிடித்தால் கேட் திறக்கும். அந்தக் கட்டம் அரை நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும் என்பதால் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. முந்தின நாள் கூட வந்த கோமளாவின் போன் திறந்துவிட்டது. இன்று தனியாக வந்த ஸ்ரீநாத் பட்டன் போனைக் கம்பத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். டார்ச் அடித்தும் பார்த்தான்.

திருவேங்கடத்துக்கு அவனை நான்கு வருடமாகத் தெரியும். இந்தக் கட்டடம் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவருடைய பெரியப்பா கத்தரி போட்டிருந்தார். அதனால் உள்ளே வருகிற எல்லோரையும் தன் வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரியே கவனித்துக்கொள்வார். ஆனால் கேட் அவர் பேச்சையும் கேட்காது.

"இன்னா சார் பண்றது, எனக்கு உன்னத் தெரியுது, அதுக்குத் தெரியலியே," என்றார். "ஊட்டுக்கு வந்த கெஸ்ட்டுன்னு போடறேன். அம்மா போன்ல ஓகே குடுக்கட்டும், தொறந்துரும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஏழு பத்துக்கு ஸ்ரீநாத் வாசலில் வந்து நிற்பான். திருவேங்கடம் அவன் பெயரைத் தட்டுவார். கோமளாவின் போனில், 'உங்களைக் காண ஸ்ரீநாத் வந்திருக்கிறார், அனுமதிக்கலாமா?' என்று கேட்கும். அவள் சில நாள் உடனே அனுமதிப்பாள். சில நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள், அல்லது சமையலறையில் குக்கரோடு இருப்பாள். ஐந்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் 'விருந்தினரைச் சந்திக்க விருப்பமில்லை' என்று ஆப் தானாகவே முடிவு செய்துவிடும். அப்போதெல்லாம் ஸ்ரீநாத் திருவேங்கடத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பான். கையில் பார்க்க ஒன்றும் இல்லாததால் மனிதர்களைப் பார்த்தான். ஏரிக்குத் திரும்பும் கொக்குகளை எண்ணினான். ரோஷினி சில நாள் கீழே வந்து அவன் மடியில் உட்கார்ந்து பாம்பு விளையாட்டு ஆடினாள். அந்த நாற்காலியில் அவளோடு பேசிய அளவுக்கு அவன் சோபாவில் உட்கார்ந்து பேசியதில்லை. ஆகவே, இதில் ஒரு தொல்லை இருக்கிறது என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது பட்டன் போன் ஒலித்தது. அசோசியேஷன் செயலாளர் இருதயராஜ். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார்.

"ஸ்ரீநாத் சார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது," என்று குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணன் மாதிரி சொல்றேன். நீங்க ஊர்ல இல்லாத நேரமா பாத்து ஒரு ஆள் தினம் சாயங்காலம் ஏழு பத்துக்கு உங்க வீட்டுக்கு வர்றான். காலையில எட்டரைக்குத்தான் போறான். பதினஞ்சு நாளா நடக்குது. மேடம்தான் அனுமதி குடுக்கறாங்க."

"யாரு சார் அது?"

"பேரு ஸ்ரீநாத்னு குடுத்திருக்கான். உங்க பேரையே குடுத்திருக்கான் பாருங்க, எவ்வளவு துணிச்சல்."

"சார், அது நான்தான்."

இருதயராஜ் ஏதோ காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அப்படியானால் நீங்கள் ஏன் உங்கள் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறீர்கள் என்று கேட்டார். ஸ்ரீநாத் வேன், இட்லி, பட்டன் போன் எல்லாவற்றையும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு விருந்தினர் தொடர்ந்து பதினைந்து நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது விதி என்றார். போன மே மாதம் வாட்ஸப் குரூப்பில் அந்த விதியைப் போட்டபோது முதலில் கட்டைவிரலைத் தூக்கியவரே ஸ்ரீநாத்தான் என்பதையும் நினைவுபடுத்தினார். ஸ்ரீநாத்துக்கு நினைவில்லை. அந்த மாதம் அவன் எதற்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கினான் என்று அவனுக்கே தெரியாது.

கேட் அன்று திறக்கவில்லை. கோமளா கீழே இறங்கி வந்து, மூவரும் வாசலில் நின்று யோசித்தபோது, திருவேங்கடம்தான் வழி கண்டுபிடித்தார். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆப் வேண்டாம். அவர்களுக்கு ஒரு கார்டு, ஆறு எண். கம்பத்தில் இருக்கும் பொத்தான்களில் அந்த ஆறு எண்ணை அழுத்தினால் கேட் திறக்கும். பட்டன் போன்காரருக்குப் பட்டன் கேட். ஆனால் என்ன வேலை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வீடு கூட்டுபவர், கார் துடைப்பவர், பிள்ளை பார்த்துக்கொள்பவர், சமையல். பட்டியல் அவ்வளவுதான்.

கோமளா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சமையல்னே போடுங்க," என்றாள். "கேக்கவாவது நல்லா இருக்கும்."

ஸ்ரீநாத்துக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். இட்லியைச் சூடு பண்ணத் தெரியும். அன்றிலிருந்து அவன் சி-404இன் சமையல்காரன் ஆனான். கார்டில் போட்டோவுக்குக் கழுத்தில் துண்டு இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று திருவேங்கடம் தன் துண்டையே கொடுத்தார்.

இரண்டு மாதம் நிம்மதியாகப் போயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏ பிளாக் ராதிகா போன் செய்தாள். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆப்பில் நம்பர் பார்த்துக் கூப்பிட்டிருந்தாள். தம்பி, எங்கள் வீட்டுக்கும் வர முடியுமா, சி-404இல் கொடுப்பதைவிடக் கூடத் தருகிறேன் என்றாள். ஸ்ரீநாத் பணிவாக மறுத்தான். மறுநாள் ஆறு பேர் கூப்பிட்டார்கள். பட்டன் போனில் எந்த அழைப்பையும் எடுக்காமல் இருக்கும் பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை. ஒருவர் பிரியாணி வருமா என்றார். ஒருவர் தாங்கள் வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை, சம்மதமா என்றார். பேச்சுப் பழக்கம் நன்றாக இருக்கிறதே, எவ்வளவு படித்திருக்கிறாய் என்று ஒருவர் கேட்டதற்கு, எம்.சி.ஏ. என்று உண்மையைச் சொன்னான். பாவம், இந்தக் காலத்தில் வேலை எங்கே கிடைக்கிறது என்று அவர் வருத்தப்பட்டார்.

விஷயம் இதுதான். வேலைக்கு வருகிறவர்களின் வருகைப் பதிவு எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஆப்பில் தெரியும். ஸ்ரீநாத், சமையல், அறுபத்திரண்டு நாளில் அறுபத்திரண்டு நாளும் ஆஜர். பால் வாங்கப் போய்த் திரும்பினாலும் வருகைதான் என்பதால் ஞாயிறு உண்டு, பண்டிகை உண்டு, லீவே கிடையாது. நட்சத்திரம் ஐந்துக்கு ஐந்து. மாதக் கடைசியில் ஆப் கேட்டபோதெல்லாம், அது திரையை மறைக்கிறதே என்று கோமளா எதையும் படிக்காமல் கடைசி நட்சத்திரத்தை அழுத்தியிருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் இப்படியொரு சமையல்காரர் வேறு எவருக்கும் இல்லை. ஆசிரியை வேலை பார்க்கிற பெண்ணுக்கு வந்த வாழ்வைப் பார் என்று லிப்டில் யாரோ பேசிக்கொண்டதைக் கோமளாவே கேட்டாள்.

அடுத்த வாரம் ஸ்ரீநாத் கேட்டில் எண்ணை அழுத்தப் போனபோது ஒரு கை அவன் தோளைத் தட்டியது. பூங்காவனம். ஐம்பது வயதிருக்கும். வெள்ளானூரிலிருந்து வந்து இங்கே நாலு வீட்டில் சமைக்கிறவள். அதில் ஒரு வீடு சி-402. அவனைத் தினமும் எதிரில் பார்க்கிறவள்.

"நைனா, நீ இன்னா ஆளுப்பா," என்றாள். "ரெண்டு மாசமா லீவு போடாம வந்துகினு கீற. நான் நாலு ஊட்லயும் பேச்சு வாங்கிகினு கீறேன். எங்க ஊர் கூழ் ஊத்தற திருவிழாவுக்கு ரெண்டு நாள் போனதுக்கு, 'அந்த சி-404 ஸ்ரீநாத்தைப் பாத்துக் கத்துக்கோ'ன்னு சொல்லுது அந்தம்மா. எனக்கு மூணு ஸ்டாரு."

"அக்கா, அது என் சொந்த வீடுக்கா. நான் எப்படி லீவு போடறது?"

"அது எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?" என்று கம்பத்தைக் காட்டினாள்.

யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் வீட்டுக்கு வந்துபோவது இன்னொருத்தியின் வயிற்றில் அடிக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை உள்ளே போனவன் திங்கட்கிழமை வரை வெளியே வராமல் இருக்கப் பார்த்தான். வருகை பதிவாகாது, இரண்டு நாள் லீவாகக் கணக்காகும் என்பது எண்ணம். சனிக்கிழமை காலையிலேயே சைரன் ஊளையிட்டது. வேலையாள் ஒருவர் பதினாலு மணி நேரமாக சி-404ஐ விட்டு வெளியேறவில்லை என்று எல்லோர் போனுக்கும் செய்தி போனது. திருவேங்கடம் லத்தியோடு வந்து கதவைத் தட்டி, கைலியில் நின்ற ஸ்ரீநாத்தைப் பார்த்து, லத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அதற்குள் வேலைக்கு வருகிறவர்கள் மத்தியில் பேச்சு முற்றிவிட்டது. மாதம் நாலு நாள் லீவு வேண்டும், நட்சத்திரம் போடுவதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை யாரும் உள்ளே போவதில்லை. பூங்காவனம் ஸ்ரீநாத்திடம் வந்து கேட்கவெல்லாம் இல்லை. ஏழு மணிக்கு வெளியே வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். லீவே எடுக்காத ஆள் உள்ளே போய்விட்டால் மற்றவர்கள் பேச்சு எடுபடாது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இருபத்தேழு பேர் வாசலுக்கு வெளியே நின்றார்கள். இருபத்தேழாவது ஆள் ஸ்ரீநாத். இஸ்திரி போட்ட சட்டை, ஆபீஸ் பை. வர நேரமாகும் என்று மேலாளருக்குச் சொல்லியிருந்தான். காரணம் கேட்டதற்கு ஸ்டிரைக் என்றான். ரயிலா, பஸ்ஸா என்று அவர் கேட்டார். சமையல் என்றான்.

எட்டு மணிக்குள் உள்ளே நிலைமை மோசமாகிவிட்டது. கார்கள் தூசியோடு வெளியே போயின. பால்கனிகளில் நின்று ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எட்டேகாலுக்கு இருதயராஜ் ஒரு நோட்டும் பேனாவுமாக வந்து கேட்டுக்கு உள்பக்கம் நின்றார். உங்கள் தரப்பில் பேசப்போவது யார், பெயரை எழுத வேண்டும் என்றார். பூங்காவனம் ஸ்ரீநாத்தை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

"சார், நீங்க ஓனர்," என்றார் இருதயராஜ்.

"சிஸ்டத்துல சமையல் சார்."

இருதயராஜ் கேட்டின் கம்பி வழியாக அவனை நெருங்கி வரச் சொன்னார். படித்தவர் நீங்கள் இவர்களோடு நிற்கலாமா, ஒரு நிமிட வேலை, என்னிடம் ஒரு பழைய போன் சும்மா கிடக்கிறது, ஆப்பை ஏற்றியே கொண்டுவந்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள், இந்த நொடியே ஓனர் ஆகிவிடலாம் என்றார். கம்பி வழியாகப் போனை அவன் கையில் வைத்தார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் கையில் ஒரு பெரிய திரை. அவன் கட்டைவிரல் தானாக நகர்ந்தது. அவன் தேடியது வாசல் ஆப்பைத்தான். இடையில் வேறெதையோ தொட்டுவிட்டான். எங்கோ ஒரு காட்டில் ஒருவர் வெறும் குச்சியால் நீச்சல்குளம் தோண்டிக்கொண்டிருந்தார். பாதி தோண்டியாகிவிட்டது. தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஸ்ரீநாத் யோசித்தான். இருதயராஜ் விதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் இருபத்தாறு பேர் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். குளத்துக்குப் படி கட்ட ஆரம்பித்தார் அந்த ஆள்.

பூங்காவனம் வந்து, அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, கம்பி வழியாக இருதயராஜிடமே நீட்டினாள். "அண்ணாத்தே, இத நீயே வச்சிக்கோ," என்றாள்.

ஸ்ரீநாத் மணியைக் கேட்டான். நாலு நிமிடம் போயிருந்தது. இன்னும் ஒரு வாரம் அந்தப் போன் தன்னிடம் இருந்தால் இந்த இருபத்தாறு பேரின் முகமும் தனக்கு மறந்துவிடும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மாதம் நாலு நாள் லீவு, நட்சத்திரம் கிடையாது, பதினாலு மணி நேரச் சைரன் கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இருதயராஜ் எழுதிக்கொண்டே வந்தார். எழுத்தில் வந்துவிட்டதும் அவருக்கே அது நியாயமாகத் தோன்ற ஆரம்பித்தது. மேலே ஒரு பால்கனியிலிருந்து ராதிகா, எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ளுங்கள் சார், பிள்ளைகள் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போக முடியாது என்று சத்தம் போட்டாள். ஒன்பது மணிக்குக் கையெழுத்தாகி, காகிதம் கேட்டில் ஒட்டப்பட்டது.

எல்லோரும் கைதட்டிவிட்டு உள்ளே போகப் பார்த்தார்கள். பூங்காவனம் தன் ஆறு எண்ணை அழுத்தினாள். கேட் திறக்கவில்லை. இருதயராஜ் தன் போனில் பார்த்துவிட்டு, புது விதியைச் சிஸ்டத்தில் ஏற்றியாகிவிட்டது, வேலைக்கு வராத நேரம் லீவாகப் பதிவாகிவிட்டது, லீவு நாளில் வேலையாட்களைச் சிஸ்டம் உள்ளே விடாது, இனி நாளைக் காலைதான் என்றார். இது கேட்டவர்களுக்கு வருத்தமாக இல்லை. சும்மா வந்த லீவு. பூங்காவனம் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஏரிக்கரைக் கடையில் டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்கலாம் என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். ராத்திரிக்கு எங்கே போவாய், வெள்ளானூரில் எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது, குழம்பு நீ வை என்று ஸ்ரீநாத்திடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். குழம்பை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

சமையல்காரருக்கு இன்று லீவு என்று ஆப்பில் பார்த்துவிட்டு, அந்த நேரம் கோமளா கீழே இறங்கி வந்தாள். பள்ளிக்குக் கிளம்பிய சேலை, தோளில் பை, கையில் அவனுக்கான மாற்றுத் துணியும் டிபன் டப்பாவும். காலையில் ரோஷினியை எழுப்பி, மூன்று பேருக்கும் கட்டி, வேனில் ஏற்றிவிட்டு வந்திருந்தாள். துணியையும் டப்பாவையும் அவனிடம் கொடுத்தாள். பிறகு கேட்டில் ஒட்டியிருந்த காகிதத்தை, மை காயாத கையெழுத்து வரைக்கும், நிதானமாகப் படித்தாள். மாதம் நாலு நாள் என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தரம் படித்தாள்.

திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எனக்கும் ஒரு கார்டு போடுங்க."

"உனக்கு எதுக்கும்மா? உங்கிட்டதான் ஆப்பு கீதே."

"அதை எடுத்துருங்க. கார்டு போடுங்க. சி-404, சமையல்."

திருவேங்கடம் ஸ்ரீநாத்தைப் பார்த்தார். ஸ்ரீநாத் இருதயராஜைப் பார்த்தான். இருதயராஜ் நோட்டைப் புரட்டி, ஒரே வீட்டுக்கு இரண்டு சமையலுக்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று தேடினார். எங்கேயும் இல்லை. கோமளா தோள் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, சுவரை ஒட்டி நேராக நின்று, போட்டோவுக்கு முந்தானையைச் சரிசெய்தாள்.

"இந்த மாசத்துக்கு இன்னும் நாலு நாளும் பாக்கி இருக்குல்ல?" என்று கேட்டாள். "இன்னிக்கே ஒண்ணு போட்டுக்கறேன்."